ஏழாவது கம்பத்தின் மீதி

"நான் குழியை ரொம்ப ஆழமா தோண்டிட்டேன். அதனாலதான் கம்பம் விழுந்துச்சு. தப்பு என்னோடதுதான்."

போலீஸ் ஸ்டேஷனில் குழியண்ணன் கொடுத்த வாக்குமூலம் மொத்தமே இந்த மூன்று வரிதான். சித்தி அதன் நகலை மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படிக்கும்போது தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். சித்தி மிஷினை நிறுத்தினால் விஷயம் பெரிது. தன்னுடைய கல்யாணத்தன்று காலையில்கூட ரெண்டு பேண்ட்டுக்குக் கால் மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள் என்பது குடும்ப வரலாறு.

கடை போர்டில் இரண்டு வரி இருக்கும். 'சட்டை, பேண்ட் தைத்துத் தரப்படும். துப்புத் துலக்கித் தரப்படும்.' இரண்டுக்கும் ஒரே மேஜை, ஒரே இஞ்ச் டேப். அந்த டேப் எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். உதவியாளன் ஒருவன் உண்டு. அவளுடைய அக்கா மகன். வாலு என்பது அவன் நிஜப் பெயரல்ல; ஆனால் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

"சித்தி, வேலையை அதிகமா செஞ்சுட்டேன்னு ஒருத்தர் சரணடையறது இதான் முதல் தடவை," என்றான் வாலு, பட்டன் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே. "இவரை உள்ள வெச்சாங்கன்னா நாட்டுல ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான். எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல."

"நீ வந்த மாதிரி பேசாதே," என்றாள் சித்தி, நிமிராமல்.

எதிரே ஸ்டூலில் குழியண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே அவள் உயரத்துக்கு ஒரு திமிசுக் கட்டை: அடியில் கனத்த இரும்பு, மேலே நீளமான மரப்பிடி. குழியில் போட்ட மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துகிற சாமான். பஸ்ஸில் அதற்கும் சேர்த்து இடம் பிடித்து வந்திருந்தாள்.

"இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க அக்கா. போட்டுட்டா கேஸ். ஆறு மாசமோ ஒரு வருஷமோன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் யாரு அவரைக் கூப்பிட்டுக் குழி தோண்டச் சொல்லுவா?"

"அவரு பொய் சொல்றாரா?"

"பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. ஆனா தப்பாத் தோண்டவும் தெரியாதே. அதான் எனக்குக் குழப்பம்."

கதை சுருக்கமானது. வாலு குடியிருக்கிற அதே அடுக்குமாடிக் குடியிருப்பில், நடைபாதையைச் சுற்றிப் பன்னிரண்டு விளக்குக் கம்பங்கள் நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. முந்தாநாள் காலை, மழை விட்ட நேரம். பேப்பர் போடுகிறவர் தன் சைக்கிளை ஏழாவது கம்பத்தில் சாய்த்துவிட்டுப் பேப்பர் எடுத்தார். கம்பம் தானும் சாய்ந்துகொண்டது. அவர் தோளெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அன்று மத்தியானமே குழியண்ணன் யாரும் கூப்பிடாமல் ஸ்டேஷனுக்குப் போய் அந்த மூன்று வரியைச் சொல்லிவிட்டார்.

"நட்டது எப்படின்னு எனக்குத் துணி வெட்டற மாதிரி சொல்லும்மா," என்றாள் சித்தி.

"கம்பம் இருபது அடி அக்கா. நீளத்துல பத்துல ஒரு பங்கு, அதோட ரெண்டு அடி சேர்த்துக்கணும். ஆக நாலு அடி மண்ணுக்குள்ள, பதினாறு அடி வெளிய. கீழ சிமெண்ட் மேடை கிடையாது, போல்ட் கிடையாது, நேரா மண்ணுலயே நடற கம்பம். அரை அடி மண்ணைப் போட்டு இடிக்கணும். மறுபடி அரை அடி, மறுபடி இடி. அவரு தோண்டுவாரு, நான் இடிப்பேன்." அவள் திமிசின் பிடியைத் திருப்பிக் காட்டினாள். மரத்தில் ஆழமாக ஒரு வெட்டு. "இது நாலு அடி. குழி முடிஞ்சதும் இதை உள்ள விட்டுப் பார்ப்பேன். பதினெட்டு வருஷத்துல ஒரு விரக்கடை கூடக் குறைச்சல் இல்ல."

"ஏழாவது குழியில விட்டுப் பார்த்தியா?"

அவள் திமிசை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அந்த ஒண்ணுக்குத்தான் நான் இல்ல. பொண்ணு ஸ்கூல்ல மயங்கிட்டான்னு போன் வந்துச்சு. போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள கம்பம் நின்னுடுச்சு. நான் இருந்திருந்தா..."

சித்தி காகிதக் கட்டில் அடுத்த தாளை எடுத்தாள். சூப்பர்வைசர் போலீசுக்கு எழுதிக் கொடுத்த விவரம். 'கம்பத்தின் நீளம் இருபது அடி. தரைக்கு மேலே பதினாறு அடி. மண்ணுக்குள் இரண்டு அடி மட்டுமே. ஆகவே குழி தோண்டியவரின் கவனக்குறைவு.'

"வாலு, பதினாறும் ரெண்டும் எத்தனை?"

"பதினெட்டு."

"கம்பம் எத்தனை அடின்னு எழுதியிருக்கு?"

"இருபது."

"மீதி ரெண்டு அடி எங்கடா?"

"லஞ்சத்துக்குப் போயிருக்கும்," என்றான் வாலு. "வேற எதுக்கும் இவ்வளவு கரெக்டா கணக்கு தப்பாது."

சித்தி சிரிக்கவில்லை. தாளிலிருந்து நிமிர்ந்து சற்று நேரம் கடையின் மூலையையே பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சட்டை அளவு வெட்டின தாள்களைச் சுருட்டிச் செருகி வைக்கிற மஞ்சள் பெயிண்ட் அடித்த குழாய், அதன் வாயோரத்துப் பள்ளத்தில் மாட்டிய கத்தரிக்கோல், பக்கத்தில் ஒரு உடைந்த பொம்மை. குழாய் போன மாதம் அவள் பிறந்தநாளுக்கு வாலு கொடுத்த பரிசு. அவன் அவளுக்குக் கொடுத்த ஒரே பரிசு. அதனால் வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் காட்டுவாள்.

"வா, போய் அளந்து பார்ப்போம்," என்று கத்தரிக்கோலை எடுக்காமலே எழுந்தாள்.

*

பதினொரு கம்பங்கள் நடைபாதையோரம் வரிசையாக நின்றன. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி. அங்கே குழியை மண் தள்ளி மூடியிருந்தார்கள். விழுந்த கம்பத்தைச் சுவரோரம் செங்கல் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். மேலெல்லாம் சாம்பல் நிறம், மண்ணுக்குள் போகிற பகுதி மட்டும் கறுப்பு. இரண்டும் சேருகிற இடத்தில் வெள்ளைக் கோடு. அந்தக் கோடு தரையோடு ஒட்ட வேண்டும், அதுதான் நடுகிறவர்களுக்கு அடையாளம்.

சித்தி முதலில் விழுந்த கம்பத்தைத் தொடவே இல்லை. நிற்கிற ஒவ்வொரு கம்பத்திடமும் போய்க் குனிந்தாள். ஒவ்வொன்றிலும் கீழே ஒயர் இணைக்க ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கும். தரையிலிருந்து கதவு வரை டேப்பை வைத்தாள்.

"பதினெட்டு இஞ்ச்," என்றாள். அடுத்ததிலும், "பதினெட்டு." அதற்கடுத்ததிலும்.

"பேண்ட் தைக்கப் போறியா சித்தி அதுங்களுக்கு?"

"ஆமா. ஒருத்தனுக்கு மட்டும் ஏற்கெனவே கால் மடிச்சிருக்காங்க."

நோட்டீஸ் போர்டில் திறப்பு விழாப் போட்டோ இன்னும் ஒட்டியிருந்தது. நாற்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சித்தி அவர்களை ஒதுக்கிவிட்டு, பின்னால் நின்ற கம்பங்களின் மேல் விரலை ஓட்டினாள். பன்னிரண்டு விளக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில். பன்னிரண்டு கதவும் அப்படியே.

"இப்ப சொல்லு. ஒருத்தன் குழியை ரெண்டு அடி குறைச்சுத் தோண்டி, முழுக் கம்பத்தை நட்டா என்ன ஆகும்?"

"கம்பம் ரெண்டு அடி மேல நிக்கும்."

"கதவு?"

"அதுவும் ரெண்டு அடி மேல." வாலு போட்டோவை மறுபடி பார்த்தான். "ஆனா கதவு சரியா இருக்கே."

"முட்டி சரியான இடத்துல இருக்கு, ஆனா மொத்த நீளம் குறையுதுன்னா என்னடா அர்த்தம்? பாதத்துப் பக்கம் வெட்டியிருக்காங்க. இது குறைச்சு நட்ட கம்பம் இல்ல. நடறதுக்கு முன்னாடியே கால் வெட்டின கம்பம்."

திமிசுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அவரு ஆழமா தோண்டிட்டேன்னு சொன்னது?"

"கம்பத்தை இறக்கியிருப்பாரு. வெள்ளைக் கோடு தரையோட நிக்காம ரெண்டு அடி உள்ள போயிருக்கும். கம்பம் குட்டைன்னு யாருக்குத் தோணும்? இரும்பு பொய் சொல்லாதுன்னு நம்பி, தன் கைதான் தப்புப் பண்ணிடுச்சுன்னு நினைச்சுட்டாரு. அளந்து சொல்ல நீயும் பக்கத்துல இல்ல."

"கல்லு," என்றாள் அவள் மெதுவாக. "சாயங்காலம் வந்து பார்த்தேன், ஓரமாக் குவிச்சிருந்த கல்லுல பாதியைக் காணோம். கேட்டதுக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அடியில கல்லைக் கொட்டித் தூக்கி நிறுத்தியிருக்காரு. எங்கிட்டகூடச் சொல்லாம மூணு வாரம் மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்காரு. சாப்பிடும்போதெல்லாம் கையைப் பார்த்துக்கிட்டே இருப்பாரு அக்கா. எனக்குத் தெரியல."

சித்தி விழுந்த கம்பத்தின் அடிப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். வாலுவும் குனிந்தான். குழாயின் வாயில், வெட்டுப்பட்ட விளிம்பில், ஒரு அரை வட்டம். யாரோ பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வைத்த மாதிரி.

"ஒயர் உள்ள போற ஓட்டை அக்கா," என்றாள் திமிசுக்காரி. "முழு வட்டமா இருக்கணும். வெட்டு சரியா நடுவுல விழுந்திருக்கு. ஒயர் விடறது எப்பவும் நான்தான். நான் இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். அவரு அடிவாய் வழியா விட்டிருப்பாரு."

"பாதி வட்டம் இங்க. மீதிப் பாதி வட்டம், ரெண்டு அடிக் குழாயோட எங்கேயோ இருக்கு," என்றாள் சித்தி. "கால் மடிச்ச துணியை எந்தத் தையல்காரியும் தூக்கிப் போடமாட்டா. நல்ல இரும்புக் குழாயை எவன் போடுவான்? யாருக்கோ உபயோகமா, எங்கேயோ நிமிர்ந்து நிக்குது."

வழக்கமாக இந்த இடத்தில் வாலு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சித்தி அதற்காக ஒரு இடைவெளிகூட விட்டாள்.

"என்னடா, ஜோக் ஒண்ணும் வரலையா?"

"வெயில் சித்தி."

வானம் மூடிக்கிடந்தது. சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நான் இவங்களைக் கூட்டிட்டுக் கடைக்குப் போய், அங்கேருந்து ஸ்டேஷன் போறேன். நீ இங்கேயே இரு. இந்தக் கம்பத்தை வெட்டினவன் யாருன்னு கண்டுபிடி. நாலு மணிக்குள்ள."

துப்பறியும் தொழிலில் வாலுவுக்கு இதுவரை கிடைத்ததிலேயே சுலபமான வேலை இதுதான்.

*

போன மாதம், கம்பங்கள் வந்து இறங்கிய இரண்டாம் நாள். பதின்மூன்று வந்திருந்தன, தேவை பன்னிரண்டு. "சூப்பர்வைசர் சார், ஒண்ணு மிச்சமா நிக்குதே, அதுல ஒரு ரெண்டு அடி எனக்குக் கிடைக்குமா? எங்க சித்திக்குப் பரிசு," என்று வாலு கேட்டான். "மிச்சம்தானே, எடுத்துக்கோ தம்பி," என்றார் அவர், போனிலிருந்து காதை எடுக்காமலே. இரும்பு கேட் செய்துகொண்டிருந்த வெல்டர், வெட்டும் மிஷினைக் கொடுத்தார். முக்கால் நிமிஷத்தில் வேலை முடிந்தது. வெட்டிய கம்பத்தை, ஒழுங்காக இருக்கட்டுமே என்று, வாலு குவியலோடு குவியலாகத் திரும்ப அடுக்கி வைத்தான்.

வாழ்க்கையில் அவன் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் திரும்ப வைத்தது அந்த ஒரே ஒரு முறைதான். அவன் அம்மா இருபத்தேழு வருஷமாகக் கெஞ்சியது அன்றைக்குத்தான் பலித்தது.

ஆனாலும் ஒரு நூலிழை நம்பிக்கை இருந்தது. மிச்சக் கம்பம் இன்னும் குடியிருப்பின் பின்சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெட்டினது அதுவாக இருந்தால், ஏழாவது கம்பத்தை வெட்டிய பாவி வேறு எவனோ. உலகத்தில் இரண்டடிக் குழாய்க்கு ஆசைப்படுகிறவன் தான் ஒருவன்தானா?

தார்ப்பாயைத் தூக்கினான். கறுப்பு அடிப்பகுதி நாலு அடி, முழுசாக இருந்தது. ஒயர் ஓட்டை, பௌர்ணமி மாதிரி முழு வட்டம்.

"நானும் அன்னிக்கே வந்து பார்த்துட்டேன் தம்பி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சூப்பர்வைசர். கையில் டீ கிளாஸ். அவர் முகத்தில் பதற்றமே இல்லை, வீட்டு விஷயம் பேச வந்த மாமா மாதிரி நின்றார்.

"விழுந்த உடனே அளந்தேன். பதினெட்டு அடி. உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"அப்ப ஏன் சார் இருபதுன்னு எழுதினீங்க?"

"எடுத்துக்கோன்னு சொன்ன வாய் யாரோடது? என்னோடது. நட்டப்ப அளக்காம கையெழுத்துப் போட்ட கை யாரோடது? அதுவும் என்னோடதுதான். ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது." டீயை ஒரு வாய் குடித்தார். "நீயும் சொல்லாதே, நானும் சொல்லல. முடிஞ்சு போச்சு."

"குழியண்ணன்?"

"நாமளா அவரைச் சொல்லச் சொன்னோம்? அவரா வந்து ஒத்துக்கிட்டாரு. இப்பப் போய் நீங்க தப்பு செய்யலன்னு சொன்னா, மனுஷன் மனசு என்ன பாடுபடும்?"

அந்தப் பேச்சு வாலுவுக்குக் கேட்க அருவருப்பாக இருந்திருந்தால் தேவலை. வசதியாக இருந்தது.

"குழாய் எங்க இருக்கு இப்ப?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"எங்க சித்தி கடையில."

"யாரு, அந்த துப்பறியற அம்மாவா?" முதல் முறையாக டீயை மறந்தார். "ஓடு தம்பி."

வாலு ஓடினான். குழாயைச் சும்மா ஒருமுறை பார்க்கத்தான் போகிறேன் என்று தன் கால்களிடம் சொல்லிக்கொண்டான். பார்க்கப் போகிறவன் கையில் எதற்கு ஒரு சாக்குப்பை என்று கால்கள் கேட்கவில்லை. வழியில் ஆஸ்பத்திரி வந்தது. எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தான். மாடியில் எந்த ஜன்னலுக்குப் பின்னால் பேப்பர்காரர் கிடக்கிறாரோ. அவன் அம்மா வாசலில் இல்லாத நாளில் பேப்பரை மழை படாமல் கதவிடுக்கில் செருகி வைக்கிற மனுஷன்.

கடை பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்தான்.

மூலையில் உடைந்த பொம்மை மட்டும் நின்றது. அளவுத் தாள் சுருள்களை யாரோ அழகாகக் கட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கத்தரிக்கோல், மாட்ட இடமில்லாமல், படுத்துக்கிடந்தது.

மணி மூன்றரை.

*

ஸ்டேஷன் வாசலில் திமிசுக் கட்டை சாத்தி வைத்திருந்தது. ஆயுதம் என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டார்களாம். உள்ளே குழியண்ணன் மேஜைக்கு முன்னால் நின்றார். பேனாவைப் பிடித்த விதத்தைப் பார்த்தால், கடப்பாரையே மேல் என்று தோன்றியது. அவர் மனைவி சுவரோரம். சித்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் நீளமான துணிப்பை.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு," என்று இன்ஸ்பெக்டர் சித்தியிடம் அலுத்துக்கொண்டிருந்தார். "நாலு வரைக்கும் பொறுங்கன்னீங்க, பொறுத்தாச்சு. என்ன காட்டப்போறீங்கன்னும் சொல்லமாட்டேங்கறீங்க. இந்த ஆளும் ஆழமா தோண்டினேன், ஆழமா தோண்டினேன்னு அதையே சொல்றான். ஆழமா தோண்டறதை எந்தச் சட்டத்துலங்க போடறது?"

"சார், கையெழுத்து எங்க போடணும்?" என்றார் குழியண்ணன்.

வாலு அவர் கையைப் பார்த்தான். பதினெட்டு வருஷம் மண்ணைத் தோண்டிய கை. விரலெல்லாம் தடித்து, நகமெல்லாம் தேய்ந்து. மூன்று வாரமாக அந்தக் கையைத்தான் அவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"போடாதீங்கண்ணே," என்றான். "கம்பத்தை வெட்டினது நான்."

ஜோக்கும் கிளைமாக்ஸும் இல்லாமல் அவன் பேசியது அன்றுதான். மிச்சக் கம்பம், பிறந்தநாள், வெல்டர் மிஷின், திரும்ப அடுக்கி வைத்தது, தார்ப்பாய், சூப்பர்வைசரின் டீ. சாக்குப்பையையும் சேர்த்துச் சொன்னான். அதைச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இன்ஸ்பெக்டர் தன் பேனாவைக் கீழே வைத்தார். "பரிசா? இரும்புக் குழாயா?"

"வேற எதுவும் வாங்கத் தோணல சார்."

சித்தி துணிப்பையின் வாயை அவிழ்த்தாள். மஞ்சள் குழாய் மேஜைமேல் டங்கென்று நின்றது. வாயோரத்துப் பள்ளம், இத்தனை நாளாகக் கத்தரிக்கோல் தொங்கிய அரை வட்டம், எல்லோரையும் பார்த்தது.

வாலு அதைப் பார்த்தான், பிறகு அவளை. "எப்பலேருந்து சித்தி?"

"மீதி ரெண்டு அடி எங்கன்னு காலைல கேட்டுட்டு நிமிர்ந்தேன். கத்தரிக்கோல் கண்ணுல பட்டுச்சு. அதுவரைக்கும் சந்தேகம். கம்பத்தடியில உனக்கு ஜோக் வராமப் போச்சு பாரு, அப்ப உறுதி."

"அப்ப என்னை எதுக்கு விசாரிக்கச் சொன்ன?"

"நீ கண்டுபிடிக்கறியான்னு பார்க்கத்தான்." அவள் டேப்பைச் சுருட்டினாள். "மணி நாலு அடிச்சதும் நானே இதை மேஜைமேல வெச்சிருப்பேன். அதுக்கு முன்னாடி நீ வருவேன்னு ஒரு எண்ணம். எட்டு நிமிஷம் முன்னாடி வந்த. ரொம்ப முன்னாடி இல்ல. ஆனா வந்த."

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் டீ குடித்து முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும் அழைத்து வரச் சொன்னார்.

குழியண்ணன் மட்டும் நகரவே இல்லை. பேனா இன்னும் கையில் இருந்தது. "சார், அது சரி. கம்பம் குட்டைன்னே வெச்சுக்குவோம்," என்றார் மெல்ல. "ஆனா குழி? குழி எத்தனை அடி?"

"அதான் உன் மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சேய்யா. வீட்டுக்குப் போ."

"இல்ல சார். குழி எத்தனை அடின்னு தெரியாம நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

*

ஆறாவது கம்பத்துக்கும் எட்டாவது கம்பத்துக்கும் நடுவே அவரே தோண்டினார். வேறு யாரையும் கடப்பாரையைத் தொட விடவில்லை. நடைபயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் நின்றார், சட்டப்படி தேவையில்லை, ஆனால் போகவும் மனசு வரவில்லை.

மண் போய்க் கல் வந்தது. ஒவ்வொரு கல்லாகக் குனிந்து எடுத்து வெளியே வைத்தார். தன் தப்பை மறைக்க அவரே போட்ட கல். கடைசிக் கல்லும் வெளியே வந்தபோது, அடியில் பழைய கெட்டி மண் தெரிந்தது. அன்றைக்குப் பதிந்த கடப்பாரை முனையின் தழும்பு இன்னும் அழியாமல் இருந்தது. அதற்குக் கீழே அவர் தோண்டியதில்லை.

ஏறி வெளியே வந்து ஒதுங்கி நின்றார். குழியைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அவள் திமிசைக் குழிக்குள் இறக்கினாள். இரும்பு அடியில் தொட்டது. பிடியில் இருந்த வெட்டு, தரையோடு தரையாக வந்து நின்றது. ஒரு விரற்கடை மேலும் இல்லை, கீழும் இல்லை.

"நாலா?" என்றார் அவர்.

"நாலுதான்யா."

"சரியாப் பாரு."

"பார்த்துட்டேன். நாலு."

அவர் தலையை இரண்டு மூன்று தரம் ஆட்டினார். பிறகு கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்த சொந்தக்காரனைப் பார்ப்பது போல. அவர் மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாலு குழி விளிம்பில் நின்றான். மன்னிச்சிடுங்கண்ணே என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தான். நல்ல வாக்கியம், நடுவில் தழுதழுக்க ஓர் இடம்கூட வைத்திருந்தான்.

"அண்ணே..."

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு," என்றார் குழியண்ணன், கோபமே இல்லாமல். "குழிக்குள்ள நிழல் விழுது."

வாலு தள்ளி நின்றான். பிறகு நடைபாதையில் வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"எங்கடா போற?" என்றாள் சித்தி பின்னாலிருந்து. "இன்ஸ்பெக்டர் உன்கிட்ட எழுதி வாங்கணுமாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து எழுதித் தர்றேன்."

"ஏழு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க."

"வெளிய நிக்கிறேன் சித்தி."

விளக்கு போடுகிற நேரம். பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. வாலு ஏழாவதின் இடத்திலிருந்து, எட்டாவதின் வெளிச்சம் வருகிறவரை இருட்டிலேயே நடந்தான்.